விரலுக்குத் தகுந்த வீக்கம்: ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதுக்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் போடலாம்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு மட்டும் பதில் தேடினால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும். நூறு வாட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்த இரண்டு ஆம்ப்களில் ஒன்று உங்கள் ஸ்பீக்கரை அலுங்காமல் ஓட்டும். இன்னொன்று அரைமணி நேரத்தில் சூடேறி, உள்ளே ரிலே (பாதுகாப்புக்கான தானியங்கிச் சுவிட்ச்) 'டிக்' என்று விழ, மௌனமாகிவிடும். எனக்கே நடந்திருக்கிறது. என் ஸ்பீக்கர் 4 ஓம். ஆம்பின் பின்பக்கத்தில் '6 முதல் 16 ஓம் வரை' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்ததோ முன்பக்கத்து வாட்ஸை மட்டும்.

அதனால் இங்கே ஆம்பை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்கலாம். வேலை வாங்குவது ஸ்பீக்கர். ஆம்ப் அதன் ஏவலாள்.

யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்?

ஆம்ப் செய்வது ஒரே வேலை. பிளேயரிலிருந்தோ, டிஜிட்டல் இசையை அனலாக் அலையாக மாற்றும் டிஏசியிலிருந்தோ வரும் சிறிய வோல்ட்டேஜை, வடிவம் மாறாமல், சுமார் இருபது மடங்கு பெரிதாக்கி ஸ்பீக்கர் முனைகளில் நிறுத்துகிறது. அந்த வோல்ட்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் பாய வேண்டும் என்பதை ஆம்ப் முடிவு செய்வதில்லை. அது ஸ்பீக்கரின் மின்மறுப்பை (இம்பீடன்ஸ், ஓமில் சொல்வது) பொறுத்தது. மறுப்பு குறைந்தால் கரண்ட் கூடும். வோல்ட்டேஜ் ஆம்பின் பொறுப்பு, கரண்ட் ஸ்பீக்கரின் இஷ்டம். வாட்ஸ் என்பது இந்த இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு நல்ல ஆம்பின் இலக்கணத்தை இதிலிருந்தே சொல்லிவிடலாம்: ஸ்பீக்கர் எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் வோல்ட்டேஜைத் தளரவிடாமல் பிடித்திருக்க வேண்டும். பொருத்தம் பார்ப்பதென்றால், உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு வோல்ட்டேஜ் கேட்கும், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்ற இரண்டையும் பார்ப்பது. முதல் கேள்விக்குப் பதில் சென்சிட்டிவிட்டியில் இருக்கிறது. இரண்டாவதற்கு மின்மறுப்பு வளைகோட்டில்.

சென்சிட்டிவிட்டி: நீங்கள் உண்மையில் கேட்பது அரை வாட்

ஸ்பீக்கரின் விவரத்தாளில் '87 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தால் 87 டெசிபல் ஒலி கிடைக்கிறது என்று பொருள். அதென்ன 2.83? எட்டு ஓமில் அது சரியாக ஒரு வாட் ஆகிறது. நான்கு ஓமில் அதே 2.83 வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடும். இங்கே ஒரு சின்ன விளையாட்டு உண்டு. 90 டெசிபல் என்று பெருமையாகப் போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை ஒரு வாட் கணக்கில் பார்த்தால் 87 டெசிபல்தான். மீதி 3 டெசிபலை உங்கள் ஆம்ப் கூடுதல் கரண்டாகக் கொடுக்கிறது.

டெசிபல் கணக்கில் மூன்று விதிகள் போதும். வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். அந்த 10 டெசிபலைத்தான் காது ஏறக்குறைய 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர்கிறது. ஆக, 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் ஆம்ப் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். சத்தம் கொஞ்சம் கூடியது போலிருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழையதை விற்று இப்படி வாங்குபவர்கள் நிறைய. இந்தக் கணக்கை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கர் 87 டெசிபல், 8 ஓம். நீங்கள் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. திறந்தவெளியாக இருந்தால் மூன்று மீட்டரில் ஏறக்குறைய 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அதில் கொஞ்சம் மீளும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். எல்லாம் கழித்துக் கூட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட் கொடுத்தால் நாற்காலியில் சுமார் 83 டெசிபல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு அறை இது மாறும். உத்தேசக் கணக்குக்கு இது போதும்.

80 டெசிபல் சராசரியில் இசை கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த அளவுக்குத் தேவைப்படுவது அரை வாட். அச்சுப்பிழை இல்லை, அரை வாட்தான்.

பின்னே ஏன் நூறு வாட் ஆம்ப்கள்? இசை சராசரியாக ஓடுவதில்லை என்பதால். தவிலில் விழும் ஒரு அடி, பியானோவின் ஒரு அழுத்தம், டிரம்மின் ஒரு வெடிப்பு, இவையெல்லாம் கண நேரத்துக்குச் சராசரியைவிட 10, 15, நன்றாகப் பதிவான இசையில் 20 டெசிபல்கூட எகிறும். 80க்கு மேல் 20 என்றால் 100 டெசிபல். ஒரு வாட்டுக்குக் கிடைத்த 83இலிருந்து 17 டெசிபல் மேலே போக வேண்டும். அதற்கு 50 வாட். ஒரு பாட்டு முழுக்க அரை வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப், தவில் அடி விழும் அந்தக் கணத்தில் மட்டும் 50 வாட்டுக்குத் தாவி இறங்க வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தாவலுக்கான இடத்தைத்தான்.

இதே அறையில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பார்த்தால் வேடிக்கை புரியும். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர் இன்றும் பல நிறுவனங்களால் தயாரிக்கப்படுகிறது. அதன் சென்சிட்டிவிட்டி 83 டெசிபலை ஒட்டி இருக்கும். நமது 50 வாட் கணக்கு அதற்கு 125 வாட் ஆகிவிடும். ஆனால் அந்தக் குட்டி வூஃபரால் (பேஸ் ஒலிக்கான கூம்பு) அவ்வளவையும் தாங்க முடியாது. ஆகவே அதை வைத்திருப்பவர் இன்னும் பெரிய ஆம்ப் தேடாமல் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மறுகோடியில், 1946 முதல் தயாரிப்பில் இருக்கும் கிளிப்ஷ்ஹார்ன் போன்ற, ஒலியைப் புனல் வழியாக அனுப்பும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள். தயாரிப்பாளர் கணக்கில் அவை 100 டெசிபலைத் தாண்டும். 104 என்று வைத்தால் அதே உச்சத்துக்கு வெறும் 1 வாட் போதும்!

அதனால் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியது கடைசி வாட்டைப் பற்றி அல்ல, முதல் வாட்டைப் பற்றி. சாதாரண ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத ஆம்பின் 'ஸ்ஸ்' இரைச்சல், அதில் பாட்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 300 வாட் ஆம்பை அதில் மாட்டுவது வீண்செலவு மட்டுமல்ல, பல நேரம் உபத்திரவமும்கூட.

ஓம் என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

பின்பக்கத்தில் '8 ஓம்' என்று ஒட்டியிருப்பது ஒரு பெயர்தான். ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். வரைபடமாகப் போட்டால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். வூஃபர் ஒத்ததிரும் இடத்தில் 30 ஓமுக்கு ஏறும், அதற்கு மேலே நடு-பேஸில் 4 ஓமுக்குச் சரியும், ஒலி வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு (உச்ச ஒலிக்கான சிறிய பகுதி) கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் மறுபடி ஏறும். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, மிகக் குறைந்த மின்மறுப்பு பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 ஓம் என்று சொன்னால் எங்கேயும் 6.4க்குக் கீழே இறங்கக் கூடாது. விதி நல்ல விதி. ஆனால் 8 ஓம் என்று விற்கப்பட்டு, 3 ஓம் சொச்சத்துக்கு இறங்கும் விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் தாராளமாக உண்டு. விவரத்தாளில் 'குறைந்தபட்ச மின்மறுப்பு' என்று தனியாக ஒரு எண் கொடுத்திருந்தால், அந்த நிறுவனம் ஓரளவு நேர்மையானது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இறங்கினால் என்ன ஆகும்? 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் அந்த நேரத்தில் 28.3 வோல்ட் கொடுக்கிறது. அலையின் உச்சத்தில் 40 வோல்ட், 5 ஆம்பியர். அதே 40 வோல்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் 10 ஆம்பியர் இழுக்கும். மின்மறுப்பு 2 ஓமுக்குச் சரியும் அதிர்வெண்ணில் 20 ஆம்பியர். ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், அவுட்புட் டிரான்ஸிஸ்டர், சூட்டை வெளியே தள்ளும் ஹீட் சிங்க், எல்லாம் அதற்குத் தயாராக இருந்தால் வோல்ட்டேஜ் நிற்கும். இல்லையென்றால் தளரும், அல்லது என் ஆம்ப் செய்ததுபோல் ரிலேயைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கனமான ஆம்புக்கு இருக்கும் மரியாதை இதனால்தான் வந்தது.

ஆகவே ஆம்பின் விவரத்தாளில் நான் முதலில் பார்ப்பது 8 ஓம் வாட்ஸை அல்ல. 8க்கும் 4க்கும் இடையே உள்ள விகிதத்தை. 8 ஓமில் 100, 4 ஓமில் 190 அல்லது 200 என்றால் மின்வழங்கிப் பகுதி திடமானது. 100, 130 என்றால் சாதாரண ஸ்பீக்கருக்குச் சரி, முரட்டு ஸ்பீக்கருக்கு ஆகாது. 4 ஓம் எண்ணே கொடுக்கவில்லை என்றால், அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்மறுப்பு வெறும் ரெசிஸ்டர் இல்லை. சில அதிர்வெண்களில் கரண்ட் வோல்ட்டேஜுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடும். வரைபடத்தில் 'ஃபேஸ்' என்று இன்னொரு கோடாக இது இருக்கும். குறைந்த ஓமும் பெரிய ஃபேஸ் கோணமும் ஒரே இடத்தில் சேர்ந்தால், டிரான்ஸிஸ்டர்களுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓம் போலக் கனக்கும். மேனியில் ஒல்லியாகத் தெரிந்து தூக்கினால் கனக்கும் ஆள் மாதிரி. முழு வரைபடத்தையும் அளந்து வெளியிடும் விமர்சனம் உங்கள் ஸ்பீக்கருக்கு இருந்தால் தேடிப் படியுங்கள். புகழுரைப் பத்திகளைத் தாண்டி நேரே அந்தப் படத்துக்குப் போகலாம்.

அதீத உதாரணங்களும் உண்டு. 1980களில் வந்த அபோஜி சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கரின் மின்மறுப்பு 1 ஓம் அளவுதான். அதை ஓட்ட முடிந்த ஆம்ப்கள் மிகச் சிலவே. மின்புலத்தால் மெல்லிய படலத்தை அசைக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்கள் பெரிய கெப்பாசிட்டர் மாதிரி. அதிர்வெண் ஏற ஏற மின்மறுப்பு சரிந்துகொண்டே போகும். பேஸில் சாதுவாக இருந்துவிட்டு, உச்ச அதிர்வெண்ணில் ஆம்பைச் சோதிக்கும்.

சில ஏவி ரிசீவர்களின் (ஹோம் தியேட்டர் ஆம்ப்கள்) பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 4 ஓம் பக்கம் தள்ளினால் ஆம்புக்குப் பலம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே வோல்ட்டேஜைக் குறைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. பிரிட்ஜ் செய்வதும் அப்படித்தான். இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக்கினால் வாட்ஸ் எகிறும், ஆனால் ஒவ்வொரு பாதிக்கும் ஸ்பீக்கரின் மின்மறுப்பு பாதியாகத் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கரை 2 ஓமாக்கிக் கொடுத்துவிட்டு ஆம்பைத் திட்டக் கூடாது.

வால்வா, டிரான்ஸிஸ்டரா?

பழைய ரேடியோக்களில் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாயான வால்வு நல்லதா, டிரான்ஸிஸ்டர் நல்லதா? இங்கேதான் சண்டை நடக்கும். நான் ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்த ஆம்புக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சொந்த மின்மறுப்பு உண்டு. நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்பில் அது 0.05 ஓம் போல இருக்கும், கண்டுகொள்ளத் தேவையில்லை. ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத, அல்லது குறைவாக உள்ள வால்வு ஆம்பில் 2 ஓம்கூட இருக்கலாம். இந்த 2 ஓமும் ஸ்பீக்கரும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் ஆம்புக்குள்ளேயே தங்கிவிடும், அதாவது 3.5 டெசிபல் இழப்பு. 30 ஓமாக இருக்கும் இடத்தில் இழப்பு அரை டெசிபலை ஒட்டித்தான். ஆக, ஸ்பீக்கரின் மின்மறுப்பு மலைத்தொடர் 3 டெசிபல் உயரத்துக்கு ஒலியிலேயே பதிந்துவிடுகிறது. 'வால்வின் இதம்' என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்தப் பங்கீடுதான். அது உங்கள் ஸ்பீக்கரில் இதமாக அமையலாம், வேறொன்றில் பேஸைக் கொழகொழக்கச் செய்யலாம். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் அது அந்த ஆம்புக்கு மட்டும் சொந்தமான குணமல்ல, அந்த ஜோடியின் குணம்.

1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றைப் போலவே தன் மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்பை ஒலிக்க வைப்பதாகச் சொன்னார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். கடைசியில் கேட்டவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆம்ப்களின் 'குரல்' என்பது அளந்து பார்க்கக்கூடிய சங்கதி என்பதற்கு இதைவிடச் சுவையான சாட்சி எனக்குத் தெரியாது.

வால்வு வேண்டுமென்றால் 90 டெசிபலுக்கு மேல் உள்ள, மின்மறுப்பு அதிகம் ஏறி இறங்காத ஸ்பீக்கராகப் பாருங்கள். ஒற்றை 300பி வால்வு சேனலுக்கு எட்டு வாட் போலத்தான் தரும். ஹார்னுக்கு அது ராஜபோகம், 83 டெசிபல் புத்தக அலமாரி ஸ்பீக்கருக்குப் பட்டினி.

டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் சொந்த மின்மறுப்பால் வகுத்த எண்) 500, 1000 என்று விளம்பரத்தில் வந்தால் சிரித்துவிட்டு நகரலாம். வூஃபரின் கம்பிச்சுருளுக்கே ஆறேழு ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. நான்கு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போக வர அதுவே 0.055 ஓம். ஐம்பதுக்கு மேல் அந்த எண் எவ்வளவு ஏறினாலும் வூஃபருக்குப் பெரிதாகத் தெரியாது.

ஆம்பின் உட்சுற்று வேலை செய்யும் முறையைக் குறிக்கும் கிளாஸ் ஏ, ஏபி, டி என்ற எழுத்துகளைத் தரவரிசை என்று எண்ணிவிட வேண்டாம். கிளாஸ் ஏ சும்மா இருக்கும்போதே முழுக் கரண்டை எரித்துக்கொண்டிருக்கும். கோட்பாட்டளவிலேயே அதன் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது, நடைமுறையில் இன்னும் கீழே. ஏபி நடுவழி. டி என்றால் டிஜிட்டல் இல்லை, வேகமாக மூடித் திறக்கும் சுவிட்ச் முறை. சூடு குறைவு, எடை குறைவு. பழைய கிளாஸ் டி ஆம்ப்களில் ஸ்பீக்கரின் மின்மறுப்பைப் பொறுத்து உச்ச அதிர்வெண் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. வெளியீட்டு ஃபில்டரையும் ஃபீட்பேக் வளையத்துக்குள் கொண்டுவந்த வடிவமைப்புகள் அதைத் தீர்த்துவிட்டன. இன்றைக்குக் குறைந்த சென்சிட்டிவிட்டியும் குறைந்த ஓமும் சேர்ந்த ஸ்பீக்கருக்கு நான் தயங்காமல் முதலில் பார்க்கச் சொல்வது நல்ல கிளாஸ் டி ஆம்பைத்தான். வால்வு ரசிகர்கள் மன்னிக்கவும்.

வாட்ஸை வாசிப்பது

பிஎம்பிஓ (கண நேர உச்சமாகச் சொல்லப்படும் விளம்பர வாட்ஸ்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வேண்டியது தொடர்ச்சியான வாட்ஸ், 8 ஓமில், இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, டிஹெச்டி எனப்படும் விகாரம் (ஒலிச் சிதைவு) இத்தனை சதவீதத்துக்குள் என்று முழுசாக எழுதிய வரி. '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும், 10 சதவீத விகாரம்' என்றிருந்தால் ஒவ்வொரு சொல்லும் எண்ணை ஊதிப் பெருக்கச் சேர்த்தது.

ஸ்பீக்கர் பெட்டியில் '50 முதல் 200 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, 250 வாட் ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. வால்யூம் உங்கள் கையில் இருக்கும்வரை எரிக்காது. ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. சிறிய ஆம்பை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும், இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். உச்சி வெட்டுப்பட்ட பிறகும் வால்யூமைத் திருகினால், உச்சிகள் ஏறாமல் மற்ற ஒலிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சராசரிச் சக்தி கூடி, மெல்லிய கம்பியால் ஆன ட்வீட்டர் முதலில் கருகும். சத்தம் கரகரத்துக் காதைக் குத்த ஆரம்பித்தால் உடனே குறையுங்கள்.

கடைசியாக, இரண்டு ஆம்ப்களை வீட்டில் வைத்து ஒப்பிடும்போது. சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும். காது அதை 'தெளிவு' என்றும் 'உயிரோட்டம்' என்றும் பெயர் சூட்டிக்கொள்ளும். சில நூறு ஹெர்ட்ஸில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து, முதல் ஆம்பில் 2.00 வோல்ட் வரும்படி வால்யூமை நிறுத்துங்கள். இரண்டாவதில் 1.98க்கும் 2.02க்கும் இடையே கொண்டுவந்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். பிறகு மாற்றி மாற்றி மாட்டித் தருவதற்கு வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள். எது ஓடுகிறது என்று அவர் உங்களிடம் சொல்லக் கூடாது.